பதினொரு தடவை

மூக்கையூர்க் கயித்தானிடம்
பதினொரு தடவை மல்லாந்து விழுந்தவன் நான்.
அவனைப் பற்றிச் சொல்ல
என் முதுகைவிடத் தோதான சாட்சி இல்லை.

முதல் தடவை, ஏர்வாடிச் சந்தனக்கூடு முடிந்த மறுநாள்.
கீழக்கரைக் கடலோரம் பாய்மரத் தாம்பை
வட்டமாகப் போட்டிருந்தார்கள்.
தோணி வேலைக்கு வந்த பையன்,
மீசை சரியாக முளைக்கவில்லை,
வயிறு மட்டும் ஆளுக்கு முன்னால் வந்து நின்றது.
சிரித்தேன்.
சிரித்து முடிக்கும் முன் வானம் தெரிந்தது.
அதில் ஓர் ஆலா பறந்துகொண்டிருந்தது,
அதுகூட நினைவிருக்கிறது.

பிடி என்று சொல்ல முடியாது அதை.
ஓதம்.
தள்ளமாட்டான், ஏறி வருவான்.
காலடி மணல் கரைவது தெரியும்,
காலை எடுக்க மட்டும் தோன்றாது.
இறங்குமுன் ஒரு கை கல்லுப்பு கேட்பான்,
வியர்வை வழுக்காமலிருக்க உள்ளங்கையில் தேய்ப்பான்,
மிச்சத்தை வாயில் போட்டுக்கொள்வான்.

லெப்பைக்கனி மரைக்காயர் கிட்டங்கிச் சுவரில்
கணக்கப்பிள்ளை கரியால் எங்கள் பெயர்களை எழுதுவார்.
ஜெயிக்கிறவனுக்குப் பெரிய எழுத்து,
கீழே போகப் போகச் சிறுத்துவிடும்.
மூன்றாம் வருஷம் கயித்தான் பெயர் கதவகலம்.
நெயினா என்ற என் பெயரைப் படிக்க
குத்தவைத்து உட்கார வேண்டும்.

தொண்டியில் ரங்கோன் கப்பல்காரன் ஒருத்தன்.
தேவிபட்டினத்தில், மதுரையிலிருந்து வண்டி வைத்துக்
கூட்டிவந்த குஸ்தி வாத்தியார்.
மண்டபத்தில், ரயில் பாலத்துக்கு
இரும்பு தூக்க வந்த பட்டாணியன்.
அவனோடு மட்டும் ஒன்றரை மணி நேரம்,
மழை வந்து பிரித்துவிட்டது.
அதை எப்படி எழுதுவதென்று தெரியாமல்
கணக்கப்பிள்ளை சுவரில் ஒரு குடை வரைந்தார்.

நோன்பு மாசம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான்.
“தோக்கடிச்சவன் வீட்டுல திங்கலாம், பாவமில்ல.”
ஆறு பேர் கஞ்சி.
என் வீட்டுக்காரி அவனுக்கென்று தனிச் சட்டியே வாங்கினாள்.
அதையும் ஒரு தோல்வியாக எண்ணினால்
பன்னிரண்டு.

அரண்மனையிலிருந்து தங்கத் தோடா வந்தது,
மணிக்கட்டில் ஏறவில்லை.
விற்றுத் தோணிக்குப் புதுப் பாய் எடுத்தான்.
மரைக்காயர் தன் பங்குக்கு
நங்கூரக் கயிற்றை அவன் இடுப்பில் சுற்றிக் கட்டி
“இவனுக்கு மேலே இனி ஆளில்லை” என்றார்.
கரையே கூவியது.
கயிற்றில் சிப்பி ஒட்டியிருந்தது.
ரத்தம் கசிந்ததைப் பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன்.
அவனும் பார்த்தான், பிறகு
கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டான்.

அப்புறம் அந்தக் காய்ச்சல்.
ஐப்பசி முடிவதற்குள்
சுவரிலிருந்த பெயர்களில் பாதி போயிற்று,
எழுதின கணக்கப்பிள்ளையும் போனார்.
மூக்கையூரிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்:
தூக்க ஆளில்லை,
எழுந்து நிற்கிறவர்கள் வாருங்கள்.

வத்தையில் நாலு பேர் போனோம்.
நாலு பேரும் அவனிடம் தோற்றவர்கள்.
இந்தக் கரையில் வேறு ஆளுக்கு எங்கே போவது?

அவன் அளவுக்குப் பெட்டி செய்யப் பலகை இல்லையாம்.
தோடா விற்று எடுத்த பாயிலேயே
சுற்றி வைத்திருந்தார்கள்.
தலைமாட்டில் நான்.

இடுப்பில் கை போட்டு, தொடையில் முட்டுக் கொடுத்து,
பல்லைக் கடித்துப் பதினொரு தடவை
ஒரு விரற்கடை எழுப்பப் பார்த்திருக்கிறேன் இவனை.
அன்றைக்கு எழும்பிவிட்டான்,
பொசுக்கென்று.
காய்ச்சல் தின்றதுபோக மிச்சம் அவ்வளவுதான்.
எனக்குக் கோபம் வந்தது.
அவன் மேலேதான், வேறு யார் மேல்?
காலை ஊன்றக்கூடாதா ஒரு தரம்?

கோயில் வாசலில், ஜெபம் முடியும்வரை
கீழே வைக்கச் சொன்னார்கள்.
மற்ற மூவரும் குனிந்தார்கள்.
நான் குனியவில்லை.

கணக்கப்பிள்ளை இருந்திருந்தால்
அதற்கு என்ன வரைந்திருப்பாரோ.